பூமி எதையும் விழுங்கிவிடவில்லை

2025 நவம்பர் தொடக்கத்தில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப் ஒரு குற்றச்சாட்டை எழுப்பினார். ரஷ்யாவும் சீனாவும் பூமிக்கடியில் வெகு ஆழத்தில் அணுகுண்டுகளை வெடித்துப் பார்க்கின்றன. அங்கே என்ன நடக்கிறது என்று வெளியே யாருக்கும் தெரிவதில்லை. லேசான அதிர்வு ஒன்று தெரியும், அவ்வளவுதான் என்பது அவர் பேச்சின் சாரம். அதற்குச் சில நாட்கள் முன்புதான், மற்ற நாடுகளுக்கு இணையாக அமெரிக்காவும் அணு ஆயுதச் சோதனையைத் தொடங்க உத்தரவிட்டிருப்பதாக அவர் அறிவித்திருந்தார்.

குற்றச்சாட்டு புதியது. அதைத் தாங்கி நிற்கும் நம்பிக்கைக்கு வயது எழுபதை நெருங்குகிறது. பாறைவழியே செல்லும் அலை போகப்போக வலுவிழக்கும். சிறிய குண்டின் அலை சில நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே ரகசியமாக வெடிப்பவரைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாத குற்றத்தைத் தடைசெய்யும் ஒப்பந்தம் வெறும் காகிதம். 1999 அக்டோபர் 13 அன்று அனைத்து அணுச் சோதனைகளையும் தடைசெய்யும் ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் 51-க்கு 48 என்ற கணக்கில் தோற்கடித்தபோது முன்வைக்கப்பட்ட முக்கிய வாதங்களில் இதுவும் ஒன்று. ஒப்பந்தத்தை ஆதரிப்பவர்களில்கூடப் பலர் இதை அறிவியல் உண்மை என்று ஏற்றுக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறார்கள்.

இந்த வாதத்தில் முதல் வாக்கியம் மட்டுமே உண்மை. அலை வலுவிழக்கிறது. எங்கே, எவ்வளவு, எந்த அதிர்வெண்ணில் வலுவிழக்கிறது என்பது அளந்து எழுதப்பட்ட கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்காமல் பேசியதற்கு உலகம் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்திருக்கிறது.

1957 செப்டம்பர் 19 அன்று நெவாடா பாலைவனத்தில் ஒரு மேட்டுநிலத்தைக் குடைந்து, சுரங்கத்தின் முனையில் 1.7 கிலோடன் குண்டு ஒன்றை அமெரிக்கா வெடித்தது. சோதனையின் பெயர் ரெய்னியர். முழுக்க மண்ணுக்குள்ளேயே அடக்கப்பட்ட முதல் அணுவெடிப்பு அது. அடுத்த ஆண்டு மார்ச்சில், சோதனைத் தடை பற்றிய பேச்சு சூடுபிடித்திருந்த வேளையில், அமெரிக்க அணுசக்தி ஆணையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ரெய்னியரின் அதிர்வு அதிகபட்சம் 250 மைல் தொலைவில்தான் பதிவானது என்றது அறிக்கை. சுமார் 400 கிலோமீட்டர். சோவியத் நாட்டின் பரப்பை நினைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த ஓர் எண்ணே போதுமானதாக இருந்தது.

வாஷிங்டனில் ஒரு சிறு வார இதழைத் தன்னந்தனியாக நடத்திவந்த ஐ. எஃப். ஸ்டோன் அதை நம்பவில்லை. வெடிப்பு நடந்த சமயத்தில், தொலைதூர நிலையங்களிலும் அதிர்வு பதிவானதாக நாளிதழ்களில் வந்த துணுக்குச் செய்திகள் அவருக்கு நினைவிருந்தன. நில அதிர்வுப் பதிவுகளை வைத்திருக்கும் அரசு அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்டார். 250 மைலுக்கு வெகு அப்பால் ரெய்னியரைப் பதிவுசெய்த நிலையங்களின் பட்டியல் அங்கே தயாராக இருந்தது. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நிலையம் 2,300 மைல் தொலைவில், ஏறக்குறைய 3,700 கிலோமீட்டரில், அதைப் பதிவுசெய்திருந்தது. ஆணையம் தன் அறிக்கையைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. எண் திருத்தப்பட்டது. அது விதைத்த எண்ணம் திருத்தப்படவில்லை.

ஃபேர்பேங்க்ஸில் பதிவான அலை, அதைவிட அருகிலிருந்த சில நிலையங்களில் ஏன் தெளிவாகத் தெரியவில்லை? பூமிக்கடியில் சுமார் நூறு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே சூடான, இளகிய பாறையடுக்கு ஒன்று இருக்கிறது. அலையின் வேகம் அங்கே குறைவதால், அதற்குள் நுழையும் கதிர்கள் கீழ்நோக்கி வளைந்துவிடுகின்றன. அதனால் வெடித்த இடத்திலிருந்து ஏறக்குறைய 1,000 முதல் 2,000 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் அலை மங்கித் தெரியும். அதற்கும் அப்பால், ஆழத்தில் இறுகிய பாறை வழியே ஓடிய கதிர்கள் மேலேறி வரும்போது அலை மறுபடியும் தெளிகிறது. ‘தூரம் கூடக்கூட அலை சாகும்’ என்ற நேர்கோட்டுக் கணக்கு இங்கேயே உடைந்துபோகிறது. 2006 அக்டோபர் 9 அன்று வடகொரியா நடத்திய முதல் சோதனை ஒரு கிலோடனுக்கும் குறைவானது என்று அமெரிக்க உளவுத்துறையே சொன்னது. அதைப் பதிவுசெய்த இருபதுக்கும் மேற்பட்ட சர்வதேச நிலையங்களில் ஒன்று பொலிவியாவின் லா பாஸ். உலக உருண்டையில் அது கிட்டத்தட்ட மறுபுறம், 16,000 கிலோமீட்டருக்கும் அப்பால். அந்தத் தொலைவில் பூமியின் கரு தன் வழியே வரும் அலைகளை வளைத்து ஒன்றுசேர்க்கிறது. அதனால் இடைத்தூரத்தில் இருக்கும் பல நிலையங்களுக்குக் கிடைக்காத தெளிவு அங்கே கிடைக்கிறது.

வலுவிழத்தல் என்று ஒரே சொல்லில் அடக்குவதில்தான் பாதிக் குழப்பம். முதலில், வெடிப்பின் ஆற்றலில் பெரும்பகுதி சுற்றியுள்ள பாறையை ஆவியாக்குவதிலும் உருக்குவதிலும் நொறுக்குவதிலும் தீர்ந்துவிடுகிறது. மிகச் சிறிய பங்குதான் அலையாகிறது. அந்தப் பங்கு கருங்கல்லில் அதிகம், உலர்ந்த உதிரி மண்ணில் மிகக் குறைவு. பிறகு, அலை விரிந்து பரவுவதால் வீச்சு குறைகிறது. இது வெறும் வடிவியல், யாருக்கும் ஒன்றுதான். மூன்றாவதாக, பாறையே அலையின் ஆற்றலை வெப்பமாக்கி உறிஞ்சுகிறது. ஒவ்வொரு அலைவுக்கும் ஒரு குறிப்பிட்ட பங்கு கழியும் என்பதால், நொடிக்கு இருபது முறை அதிரும் அலை, நொடிக்கு ஒருமுறை அதிரும் அலையைவிட விரைவில் ஓய்ந்துபோகும். கோயில் திருவிழா நடக்கும் ஊருக்கு வெளியே நிற்பவருக்குத் தவிலின் வலந்தலைச் சொற்கள் கரைந்து, தொப்பியின் முழக்கம் மட்டும் வந்து சேர்வதைப்போல.

இந்த மூன்றாவது இழப்பும் இடத்துக்கு இடம் மாறும். இதன் அரசியல் விலையும் அதிகம்.

1974 ஜூலை 3 அன்று அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. நிலத்தடிச் சோதனை எதுவும் 150 கிலோடனைத் தாண்டக் கூடாது. கிழக்குக் கஜகஸ்தானின் செமிபலாட்டின்ஸ்க் தளத்தில் ஷாகன் ஆற்றையொட்டிய பகுதியிலிருந்து வந்த அலைகளை அமெரிக்க நிலையங்கள் அளந்தன. அளவை கிலோடனாக மாற்ற ஒரு சூத்திரம் வேண்டும். கைவசம் இருந்தது நெவாடாவில் தாங்களே வெடித்து, தாங்களே அளந்து வகுத்த சூத்திரம். அதைக் கஜகஸ்தானுக்குப் பொருத்தியபோது சோவியத் குண்டுகள் பல வரம்பை மீறியவையாகத் தெரிந்தன. 1984 ஜனவரியில் ரீகன் அரசு, சோவியத் ஒன்றியம் ஒப்பந்தத்தை மீறியிருக்கக்கூடும் என்று அதிகாரபூர்வமாகவே அறிவித்தது.

நெவாடாவின் அடிநிலம் இளையது, சூடானது. அங்கே மேலோடு இன்றும் இழுபட்டு மெலிந்துகொண்டிருக்கிறது. மேலோட்டுக்குக் கீழுள்ள மூடகத்தின் மேற்பகுதிப் பாறை உருகுநிலையை ஒட்டி இருக்கிறது. அலை அதைக் கடந்து கீழே இறங்குவதற்குள்ளேயே கணிசமாக இழந்துவிடும். கஜகஸ்தானின் அடிநிலம் பழையது, குளிர்ந்தது, இறுகியது. ஒரே ஆற்றலுள்ள இரண்டு குண்டுகளை இரண்டு இடங்களிலும் வெடித்தால், கஜகஸ்தான் குண்டின் அலை உலகம் முழுவதும் பெரிதாகவே பதிவாகும். வித்தியாசம் அதிர்வளவில் சுமார் 0.35 அலகு. பார்க்கச் சிறியதாகத் தோன்றும் இந்த எண், மடக்கை அளவுகோலில் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வீச்சு. கிலோடனாக மாற்றினால் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஷாகனில் வெடிக்கும் 150 கிலோடன் குண்டு சுமார் 6.1 அதிர்வளவைத் தரும். நெவாடா சூத்திரத்தில் அதே 6.1-ஐப் போட்டால் 400 கிலோடனுக்கும் மேல் வரும். ஒப்பந்தத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்த நாடு, கணக்கில் குற்றவாளி ஆனது இப்படித்தான்.

அறிவியலாளர்கள் அப்போது வாய்மூடி இருக்கவில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமான்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த லின் சைக்ஸும், அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் ஜாக் எவர்ண்டனும் 1982-லேயே இதைப் பொதுவெளியில் விரிவாக எழுதினார்கள். சைக்ஸ் சாதாரண ஆள் அல்ல. கண்டத்தட்டுகள் நகர்வதைக் கடலடி நிலநடுக்கங்களைக் கொண்டு நிறுவியவர்களில் முன்னணியில் நிற்பவர். அதற்கு அவருக்கு உதவிய பதிவுகளைத் தந்த உலகளாவிய நில அதிர்வு வலையமைப்பு, அணுச் சோதனைகளைக் கண்காணிக்கும் ஆய்வின் பகுதியாக 1960-களில் அமெரிக்கப் பணத்தில் கட்டப்பட்டது. சுமார் 120 நிலையங்களில் கொடைக்கானலும் ஒன்று. குண்டுகளைத் தேட வைத்த கருவிகள் பூமியின் அமைப்பையே விளக்கிக்கொடுத்தன. அந்த விளக்கம் மறுபடி குண்டுகளின் கணக்கைத் திருத்த உதவியது. ஆனால் வாஷிங்டனில் முடிவெடுக்கும் இடங்களில் நெடுநாள் அது எடுபடவில்லை.

1986-ல் ஒரு வழி திறந்தது. அமெரிக்காவின் இயற்கை வளப் பாதுகாப்புக் குழு என்ற தன்னார்வ அமைப்பும் சோவியத் அறிவியல் அகாதெமியும் கைகோத்தன. தாமஸ் காக்ரன் ஒரு பக்கம், யெவ்கெனி வெலிகோவ் மறுபக்கம். செமிபலாட்டின்ஸ்க் தளத்தைச் சுற்றிக் கர்கரலின்ஸ்க், பயனவுல், கராசு ஆகிய மூன்று இடங்களில் அமெரிக்க அறிவியலாளர்கள் கருவிகளை நட்டார்கள். இரண்டு அரசுகளும் செய்ய மறுத்ததைத் தனியார் முயற்சி செய்துகாட்டியது. அடுத்த ஆண்டு 10 டன், 20 டன் அளவுள்ள சாதாரண வெடிமருந்துகளை அங்கே வெடித்துப் பார்த்தார்கள். வேகமாக அதிரும் அலைகளும் அந்தப் பழம்பாறையில் தெளிவாகக் கடந்து வந்தன.

முடிவான சான்று 1988-ல் வந்தது. ஆகஸ்ட் 17 அன்று நெவாடாவில் கியர்சார்ஜ் என்ற சோதனை. செப்டம்பர் 14 அன்று ஷாகனில் இன்னொன்று. இரண்டும் இரு நாடுகளின் நிபுணர்களும் உடனிருந்து, வெடிகுழிக்கு அருகிலேயே கேபிள் இறக்கி ஆற்றலை நேரடியாக அளந்தவை. இரண்டுமே 100-லிருந்து 150 கிலோடன் வரம்புக்குள் திட்டமிடப்பட்டவை. ஷாகன் வெடிப்பின் அதிர்வளவு நெவாடாவுடையதைவிட ஏறக்குறைய அரை அலகு அதிகமாகப் பதிவானது. அதே ஆண்டு அமெரிக்க காங்கிரஸின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம், சோவியத் சோதனைகளின் பதிவுகள் 150 கிலோடன் வரம்பைக் கடைப்பிடித்ததற்குப் பொருந்துகின்றன என்று எழுதியது. 1974-ல் கையெழுத்தான ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1990 டிசம்பரில். பதினாறு ஆண்டுகள்.

இதில் கவனிக்க வேண்டியது, பிழை எந்தத் திசையில் நடந்தது என்பது. பூமி அலையை விழுங்கிச் சோவியத் குண்டை மறைக்கவில்லை. அலை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்து சேர்ந்தது. அதைப் படிக்கத் தெரியாததால் பொய்க் குற்றச்சாட்டு பிறந்தது. வலுவிழத்தலைப் பற்றிய அறியாமை ஏமாற்றுக்காரருக்கு உதவும் என்றே எல்லோரும் பயந்தார்கள். நடைமுறையில் அது உதவியது குற்றம் சாட்ட விரும்பியவர்களுக்கு.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருவோம். பெரிய குகை ஒன்றைக் குடைந்து அதன் நடுவில் குண்டைத் தொங்கவிட்டு வெடித்தால், சுவரைத் தொடுவதற்குள் அழுத்தம் தணிந்து அலை பலமடங்கு சிறுத்துவிடும் என்று 1959-ல் ராண்ட் நிறுவனத்தின் ஆல்பர்ட் லாட்டர் காட்டினார். கற்பனை அல்ல இது. 1964 அக்டோபரில் மிசிசிப்பி மாநிலத்தின் உப்புப் பாறைக்குள் சால்மன் என்ற 5.3 கிலோடன் குண்டு வெடிக்கப்பட்டது. அது உண்டாக்கிய குழிக்குள் 1966 டிசம்பரில் ஸ்டெர்லிங் என்ற 0.38 கிலோடன் குண்டை வெடித்தார்கள். அலை சுமார் எழுபது மடங்கு சிறுத்தது. முழுத் தடையை எதிர்ப்பவர்கள் அன்றுமுதல் இந்த எழுபதைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

அவர்கள் சொல்லாமல் விடுவது நிறைய. 5 கிலோடன் குண்டை இப்படி முழுமையாக அடக்க, உப்புக்குள் சுமார் 85 மீட்டர் விட்டமுள்ள குகை தேவை. அதாவது மூன்று லட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட உப்பை, செயற்கைக்கோள்களின் கண்முன்னே, யாரும் காரணம் கேட்காதபடி அப்புறப்படுத்த வேண்டும். கடினப் பாறையில் அந்த அளவு குகையைக் குடைவதும் இடியாமல் காப்பதும் இன்னும் கடினம். எழுபது என்ற எண்ணும் மெதுவாக அதிரும் அலைகளுக்கு உரியது. வேகமாக அதிரும் அலைகளில் மறைப்பு மிகவும் குறைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட அலைகள்தான் பழைய, குளிர்ந்த நிலப்பகுதிகளில் நன்றாகக் கடக்கின்றன என்பதைக் கஜகஸ்தான் கருவிகள் காட்டின. 1976-ல் சோவியத் அறிவியலாளர்கள் அஸ்கிர் என்ற இடத்தில், முந்தைய வெடிப்பு விட்டுச்சென்ற உப்புக் குழிக்குள் ஒரு குண்டை வெடித்தார்கள். குழிக்குள் வெடித்தும் அதன் அலை தொலைதூர நிலையங்களில் பதிவானது.

1998 மே 13-ஐச் சுட்டிக்காட்டுபவர்கள் உண்டு. அன்று பொக்ரானில் ஒரு கிலோடனுக்கும் குறைவான இரண்டு குண்டுகளை வெடித்ததாக இந்தியா அறிவித்தது. பாகிஸ்தானின் நிலோர் நிலையம் உட்பட வெளிநாட்டு நிலையம் எதிலும் அது தெரியவில்லை. உண்மைதான். மணல்மேட்டுக்குள் வைத்து வெடித்ததாக இந்தியாவே சொன்னது. உதிரி மணல் அலையாக மாற விடாமல் ஆற்றலைத் தின்றுவிடும். கண்காணிப்புக்கு அடித்தளம் என ஒன்று உண்டு என்பதற்கு இது நேர்மையான எடுத்துக்காட்டு. சில டன் ஆற்றலே உள்ள வெடிப்பை எந்தத் தொலைதூரக் கருவியும் உறுதியாகப் பிடிக்காது. ஆனால் அந்த இடைவெளியை மூட, 1999-ல் செனட் தோற்கடித்த முழுத் தடை ஒப்பந்தத்திலேயே வழி இருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடத்தில் 1,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சர்வதேச ஆய்வாளர்கள் நேரில் இறங்கிச் சோதிக்கலாம். அதற்கு அந்த ஒப்பந்தம் முதலில் நடைமுறைக்கு வர வேண்டும். கண்காணிக்க முடியாது என்று சொல்லி ஒப்பந்தத்தை முடக்குபவர்கள், அந்தக் கண்காணிப்பின் மிகக் கூர்மையான கருவியையும் சேர்த்தே முடக்குகிறார்கள். அவர்கள் வாதத்தில் மன்னிக்கவே முடியாத இடம் இது.

அந்த ஒப்பந்தத்துக்காக அமைந்த சர்வதேசக் கண்காணிப்பு வலையமைப்பில் 50 முதன்மை நில அதிர்வு நிலையங்களும் 120 துணை நிலையங்களும் திட்டமிடப்பட்டுப் பெரும்பாலும் இயங்குகின்றன. எவ்வளவு சிறியதைப் பிடிக்க முடியும் என்பதற்கு 1997 ஆகஸ்ட் 16 ஒரு சாட்சி. ரஷ்யாவின் நோவயா செம்லியா சோதனைத் தளத்துக்கு அருகே 3.5-ஐ ஒட்டிய அதிர்வு ஒன்று பதிவானது. ரஷ்யா ரகசியமாகக் குண்டு வெடித்துவிட்டது என்ற செய்தி வாஷிங்டனிலிருந்து கசிந்து பரபரப்பானது. ஸ்காண்டிநேவிய நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், மையம் தளத்தில் இல்லை, சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, காரா கடலுக்கடியில் இருக்கிறது என்று கண்டார்கள். வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒருசேரத் தள்ளுவதால், பாறையை அழுத்திச் செல்லும் பி அலை வலுவாகவும், பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் எஸ் அலை மெலிந்தும் வரும். பாறை வழுக்கும் நிலநடுக்கத்தில் எஸ் அலைதான் ஓங்கும். அங்கே எஸ் அலை ஓங்கியிருந்தது. அது நிலநடுக்கம். இந்த ஒப்பீட்டைச் செய்யவும் அந்தந்தப் பாதையில் எந்த அலை எவ்வளவு மங்கும் என்ற கணக்கே அடிப்படை.

இந்தக் கணக்கு 1963-ல் இவ்வளவு முதிர்ந்திருக்கவில்லை என்று சமாதானம் சொல்லலாம். அந்த ஆண்டு மாஸ்கோவில் வானிலும் விண்வெளியிலும் கடலிலும் சோதனை தடைசெய்யப்பட்டது. நிலத்தடி மட்டும் விடுபட்டது. ஆண்டுக்கு எத்தனை முறை நேரில் இறங்கி ஆய்வு செய்யலாம் என்பதில் அமெரிக்கா ஏழு என்றது, சோவியத் மூன்றுக்கு மேல் போகவில்லை. அந்த வித்தியாசத்தில் முழுத் தடை கைநழுவியது. உலகில் நடந்த 2,000-க்கும் மேற்பட்ட அணுச் சோதனைகளில் சுமார் 1,500 நிலத்தடியில் நடந்தவை. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிறகானவை. செமிபலாட்டின்ஸ்கில் மட்டும் 456 சோதனைகள், அதில் ஏறக்குறைய 340 நிலத்தடியில். 1991 ஆகஸ்ட் 29 அன்று அந்தத் தளம் மூடப்பட்டது. சோதனைகள் நடந்த காலமெல்லாம் சுற்றுவட்டார மக்களின் வீடுகள் ஆடிக்கொண்டிருந்தன. பூமி அதிர்வை விழுங்குகிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லத் துணிந்திருக்க மாட்டார்கள்.

இந்தியாவுக்கும் இதில் தீராத கணக்கு ஒன்று இருக்கிறது. 1998 மே 11 அன்று பொக்ரானில் வெப்ப அணுக்குண்டு மட்டுமே 45 கிலோடன் என்றது அரசு. ஐந்தை ஒட்டிய அதிர்வளவை வைத்து, அன்று வெடித்த குண்டுகள் எல்லாம் சேர்ந்தே 10 முதல் 15 கிலோடன்தான் என்றார்கள் வெளிநாட்டு நில அதிர்வு நிபுணர்கள் சிலர். அருகருகே வெடித்த இரு குண்டுகளின் அலைகள் ஒன்றையொன்று தணித்ததால் அளவு குறைந்து தெரிகிறது என்று பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் பதில் எழுதினார்கள். இந்திய அணுசக்தி ஆணையத்தின் அப்போதைய தலைவர் ஆர். சிதம்பரம் அந்தக் கணக்கைக் கடைசிவரை ஆதரித்தார். சோதனையில் பங்கேற்ற கே. சந்தானமோ 2009-ல் வெப்ப அணுக்குண்டு எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்றார். ராஜஸ்தானுக்கே உரிய பாதைக் கணக்கு இல்லாமல் ஓர் அதிர்வளவைக் கிலோடனாக்குவது, நெவாடா சூத்திரத்தைக் கஜகஸ்தானில் போட்ட அதே தவறு. அதைச் சொல்லும் உரிமை இந்தியாவுக்கு உண்டு. ஆனால் சரியான கணக்குக்கு வேண்டிய மூலப் பதிவுகளைப் பூட்டிவைத்துக்கொண்டு அதைச் சொல்லிப் பயனில்லை.

பெங்களூருக்கு வடக்கே கௌரிபிதனூரில், 1960-களில் பிரிட்டிஷ் உதவியுடன் அமைந்த நில அதிர்வுக் கருவித் தொகுதி இருக்கிறது. அது நிற்பது தார்வார் பாறைத்தளத்தின் மேல். உலகின் மிகப் பழைய, மிகக் குளிர்ந்த, அலையைக் குறைவாக உறிஞ்சும் நிலங்களில் அதுவும் ஒன்று. இவ்வளவு நல்ல இடத்தில் இருந்தும் சர்வதேசக் கண்காணிப்பு வலையமைப்பில் அதற்கு இடமில்லை. 1996-ல் முழுத் தடை ஒப்பந்தத்தை ஏற்க மறுத்தபோது தன் நிலையங்களையும் பட்டியலிலிருந்து இந்தியா விலக்கிக்கொண்டது. கையெழுத்து பற்றிய நிலைப்பாடு எதுவாக இருந்தாலும், அதை மாற்றாமலேயே கௌரிபிதனூரின் பதிவுகளை உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடலாம். சீனாவின் சோதனைத் தளமான லோப் நூரிலிருந்தும் நோவயா செம்லியாவிலிருந்தும் தென்னிந்தியா வரை வரும் அலை வழியில் எவ்வளவு இழக்கிறது என்பது அப்போது எல்லோரும் சரிபார்க்கக்கூடிய எண்ணாகிவிடும். அடுத்தமுறை யாராவது ‘லேசான அதிர்வு’ என்று குற்றம் சாட்டினால், அதன் நேரத்தையும் மையத்தையும் அலைப்பதிவையும் காட்டச் சொல்லி, அந்த எண்ணோடு வைத்துப் பார்க்கலாம்.